இடுப்பில் எத்தனை முள்

ஜினசேனன் கடைசியாகக் கேட்டது ஒரு காலித் தைல சீசா.

மனைவி தர்மவதி அப்போது கிணற்றடியில் குடத்தின் வாயில் துணி கட்டித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். அவர் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு, சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து நின்றார். பொட்டலத்துக்குள் செத்த எறும்புகள் இருந்தன. சீசா இன்னும் கழுவவில்லை, தைல வாடை போகவில்லை என்று அவள் சொன்னாள். "சரி, சாயங்காலம் கழுவி வை" என்றார். பொட்டலத்தை மாடத்தில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பதினொன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்துப் பியூன் இளையபெருமாள் ஓடி வந்தார். ஒன்பதாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. 1963, ஆவணி மாதம். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பிள்ளைகள் கிடையாது.

எறும்பு விஷயம் அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் ஆரம்பித்தது. ஜினசேனன் செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். ஒருநாள் சிங்கவரம் ரோட்டில் சைக்கிள் பஞ்சராகி, தனகோட்டி என்ற விவசாயியின் கொல்லையில் கிணற்றோரம் நிற்கும் புங்கமரத்து நிழலில் ஒதுங்கினார். ஓர் இலையின் அடிப்பக்கத்தில் மரத்தூளும் சிலந்தி நூலும் பிசைந்து ஒட்டினாற்போல ஒரு கூடு இருந்தது. அதன் வாசலில் ஓர் எறும்பு வந்து நின்றது. அதன் முதுகில் முள் இருந்தது. ஒட்டிக்கொண்ட முள் இல்லை, உடம்போடு முளைத்த முள். அன்று வீட்டுக்கு வரும்போது பொழுது சாயப்போகிற நேரம். சமணர் வீட்டில் விளக்கு வைத்த பிறகு சாப்பாடு இல்லை என்பதால் தர்மவதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் இலையில் உட்கார்ந்தபிறகும் எறும்பைப் பற்றியே பேசினார்.

பிறகு சென்னையில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழர் ஒருவரிடமிருந்து, இந்தியாவின் எறும்புகளைப் பற்றிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் பத்து நாளில் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தார். முள் எறும்பு பற்றிய பகுதியை இரண்டு பேருமாக நகலெடுத்தார்கள். அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் எழுதினாள். மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் கையெழுத்து அவருடையதைவிடத் தெளிவு. பதினோரு பக்கம் வந்தது.

அந்தப் பக்கங்கள் முழுக்கக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மூன்று பதில், ஒவ்வொரு பதிலும் வேறு கேள்விக்கு அனுப்பும். தோளில் முள் உண்டா, இல்லையா? இல்லையென்றால் பதினேழுக்குப் போ. இடுப்பில், அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே எழும்பி நிற்கும் சின்னக் கணுவில், முள் எத்தனை? இரண்டென்றால் ஒரு வழி, மூன்றென்றால் ஒரு வழி, நான்கென்றால் ஒரு வழி. சரியாகப் பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் எறும்பின் பெயர் நிற்கும்.

ஜினசேனன் லென்சில் பார்த்தார். இடுப்பில் முள் இரண்டு. இரண்டின் வழியில் போனார். முட்டுச்சந்து. அந்த வழியில் இருந்த எந்த எறும்பும் இந்த எறும்பு இல்லை. ஒன்றுக்கு நிறம் ஒத்துவரவில்லை, ஒன்றுக்கு மார்பின் பின்கோடியில் முள் கூடாது, ஒன்றுக்கு முள் கொக்கியாக வளைந்திருக்கவேண்டும். மூன்று முறை முதலிலிருந்து போனார். நாலாம் முறை நோட்டை மூடி வைத்தார்.

"இது புத்தகத்துல இல்ல, தர்மவதி."

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வழக்கமில்லை. புத்தகத்தில் இல்லை என்றால் யாரும் இதுவரை பெயர் வைக்கவில்லை என்று அர்த்தம். கண்டுபிடித்தவர் வைக்கலாம். என்ன பெயர் வைப்பீர்கள் என்று அவள் கேட்டதற்குக் கொஞ்சம் கூச்சத்தோடு, "செஞ்சின்னு வரணும்" என்றார். அதை வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லை.

எறும்பை அவர் பிடிக்கவில்லை. பிடித்தால் கொல்லவேண்டும். அந்த எறும்புகள் கூட்டில் செத்ததைத் தூக்கி வந்து கீழே போட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டு உட்காருவார். சாயங்காலத்துக்குள் இரண்டோ மூன்றோ விழும். சில வாரம் ஒன்றும் விழாது. தனகோட்டிக்கு அது வேடிக்கை.

"கையை விட்டா நூறு வருமே, வாத்தியாரே. இன்னாத்துக்கு இழவு வீட்டுக்காரன் மாதிரி குந்திகினு இருக்கீங்க?"

தானாகச் செத்தது போதும் என்பார் ஜினசேனன். அப்படிச் சேர்ந்ததில் நல்லதாக நாலைப் பொறுக்கிப் பஞ்சில் பொதிந்து, ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து, சென்னையில் பூச்சிகளைச் சேகரித்து வைக்கும் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு ஆடி மாதம் அனுப்பினார். கூடவே நோட்டிலிருந்து ஒரு பக்கக் குறிப்பு. இடுப்பில் முள் இரண்டு என்று அதில் அடிக்கோடு போட்டிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து நாலாம் நாள் பதில் வந்தது. அவர் பெயருக்கு வந்த கவரைத் தர்மவதி பிரித்தாள். ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு பக்கம். கோதண்டராமன் என்று கையெழுத்து. அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடிக்க அவளுக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. நாலு எறும்பும் காய்ந்து போனவை, காலும் உணர்கொம்பும் ஒடிந்தவை. இடுப்பின் நடுவில் ஒரு தழும்பு மாதிரி இருக்கிறது. அது இயற்கையான மேடா, அல்லது மூன்றாவது முள் ஒன்று இருந்து ஒடிந்த இடமா என்று சொல்ல முடியவில்லை. இருந்ததென்றால் இது ஏற்கெனவே பெயருள்ள எறும்பு. இல்லையென்றால் தாங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். கூட்டிலிருந்து உயிரோடு பிடித்துப் பத்து எறும்புகளை ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பவும்.

கடிதத்தை மூத்தாரிடம் காட்டினாள். சீதளநாதன் ஜினசேனனுக்கு ஒன்பது வயது மூத்தவர், செஞ்சியில் மல்லாட்டை எனும் நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்தார். தம்பி போனபின் தினம் ஒருவேளை வந்து விசாரித்துவிட்டுப் போவார். கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உட்டுடும்மா. பேரு இல்லன்னு எறும்பு அழுவுதா?"

"எறும்புக்காக இல்ல மாமா. அவர் சொன்னது சரியா, தப்பான்னு தெரியணும்."

"சரியா இருந்தா இன்னா பண்ணப் போற?"

தெரியணும் என்பதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை. அவர் ஒன்றரை வருஷம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்டா இல்லையா என்று முடிவாகாமலே அவர் பேச்சு நின்றுவிட்டது. மற்ற எல்லாம் முடிந்துபோனது. இது ஒன்றுதான் முடியாமல் இருந்தது.

வெளியே போகவர யாரும் குறை சொல்லாத நாள் வந்ததும், லென்சை எடுத்துக்கொண்டு தனகோட்டியின் கொல்லைக்குப் போனாள். இலைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, உயிரோடு இருக்கிற எறும்பில் எண்ணப் பார்த்தாள். எறும்பு நிற்கவில்லை. பக்கவாட்டில் தெரிந்தபோது முள்மேல் முள் விழுந்து ஒன்றாகத் தெரிந்தது. ஆளின் நிழல் பட்டாலே கூட்டுக்குள் ஓடிற்று. ஒருநாள் இரண்டு என்று நினைத்தாள். ஒருநாள் மூன்று என்று நினைத்தாள். மூன்றாம் வாரத்தில், தான் எண்ணுவது எறும்பையா தன் ஆசையையா என்று சந்தேகம் வந்து லென்சைக் கீழே வைத்தாள்.

தனகோட்டி கிணற்றுமேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரம்மா, நீங்க தொட வாணாம். நீங்க ஊட்டுக்குப் போங்க. நானே பத்தைப் புடிச்சி சீசாவுல போட்டுத் தந்துடறேன். ஸ்பிரிட்டுக்குத்தான் யோசனை. பர்மிட் இல்லாம வாங்கினா மதுவிலக்குப் போலீசுக்காரன் என்னைப் புடிச்சி சீசாவுல போட்டுடுவான்."

அவள் சிரித்துவிட்டாள். ஆவணிக்குப் பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் வேண்டாம் என்றாள். அவர்கள் மதத்தில் கொல்வதும், கொல்லச் சொல்வதும், கொன்றதற்குச் சரி என்பதும் ஒரே கணக்கு. தனகோட்டி பிடித்தால் அவள் பிடித்த மாதிரிதான். அந்த வழி இல்லை என்றால் வேறு வழி இல்லை என்றுதான் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் இருந்தாள்.

வழி கிணற்றடியில் வந்தது. அவர்கள் வீட்டில் தண்ணீரை வடிக்காமல் எடுப்பதில்லை. வடித்த பிறகு துணியை அப்படியே உதறக் கூடாது. துணியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தங்கிய உயிர்களை, துணியைத் திருப்பிக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, எந்தக் கிணற்றில் இறைத்ததோ அதே கிணற்றில் மெல்ல இறக்கிவிடவேண்டும். வேறு கிணற்றில் விட்டால் பிழைக்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் அதைச் செய்துகொண்டிருந்தாள். மார்கழியில் ஒருநாள் அப்படித் துணியை இறக்கும்போதுதான் தோன்றியது. எடுத்த இடத்திலேயே திருப்பி விட்டால் எடுத்தது குற்றமில்லை. எறும்பை அனுப்பத்தானே கூடாது. கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கொண்டுவந்துவிடலாம்.

கோதண்டராமனுக்குத் தமிழில் கடிதம் எழுதினாள். கணவர் இறந்ததை ஒரு வரியிலும் மற்றதை இரண்டு பக்கத்திலும் எழுதினாள். ஒரு கார்டு வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார். உயிரோடு இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை, கொண்டுவந்தால் பார்க்கிறேன், எறும்பை அசையாமல் வைக்க ஒரு வழி இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

சீதளநாதன் கார்டைப் படித்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து, தை பிறந்ததும் ஒரு புதன்கிழமை போகலாம், காலையில் முதல் பஸ், தானும் வருவதாகச் சொன்னார். தனியாக விட்டால் ஊர் என்ன சொல்லும் என்பது அவர் கவலை. பொழுதுக்குள் திரும்பி வந்து சாப்பிட முடியாதே என்பது அதைவிடப் பெரிய கவலை.

முதல் நாள் சாயங்காலமே தனகோட்டி இருப்பதில் சின்னக் கூடாக ஒன்று பார்த்து வைத்திருந்தார். விடிவதற்கு முன் குளிரில் எறும்புகள் வெளியே வராது. அந்த நேரத்தில் கூட்டின் வாயில் பஞ்சை வைத்து, இலைக்காம்போடு கிள்ளி, அகலவாய்ச் சீசா ஒன்றில் இறக்கினாள். கிள்ளிய கொம்பில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினாள். சீசாவின் வாயில் மூடிக்குப் பதிலாகத் தண்ணீர் வடிக்கும் துணியைக் கட்டினாள்.

பஸ்ஸில் கண்டக்டர் சீசாவைப் பார்த்தார். துணி கட்டியிருப்பதைப் பார்த்து ஊறுகாயா என்று கேட்டார். சீதளநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எறும்பு" என்றாள் தர்மவதி.

"சக்கரைக்கு எறும்பு வரும். எறும்பே பஸ்ல வருதா?"

"மெட்ராஸ்ல ஒருத்தரு பாக்கணும்ன்னாரு" என்றார் சீதளநாதன், ஜன்னலைப் பார்த்தபடியே. "பொண்ணு பாக்கற மாதிரி."

திண்டிவனம் தாண்டியதும் வெயில் ஏறிற்று. பஞ்சு நெகிழ்ந்து எறும்புகள் வெளியே வந்து கண்ணாடியில் ஏறி இறங்கின. அவள் முந்தானையை நனைத்துச் சீசாவைச் சுற்றிக்கொண்டாள். எண்ணிப் பார்த்தாள். பதினொன்று இருந்தன.

கோதண்டராமன் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கத் தட்டுத் தட்டாகப் பூச்சிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி குத்தியிருந்தது. சீதளநாதன் உள்ளே வந்தவர், வாசல்படிக்கே திரும்பிப் போய் அங்கேயே நின்றுகொண்டார். கோதண்டராமன் அதைக் கவனித்து, அவருக்கு ஒரு நாற்காலியை வெளியே போடச் சொன்னார்.

எறும்பைக் குளிர்ப்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் விறைத்துப்போகும், செத்துப்போகாது, வெளியே எடுத்தால் சில நிமிஷத்தில் நடக்கும் என்று விளக்கினார். பெரும்பாலும் அப்படித்தான் என்றும் சொன்னார். அந்தப் 'பெரும்பாலும்' அவள் காதில் விழுந்தது. அவர் சீசாவில் கையை வைத்துக்கொண்டு அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். சீதளநாதனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"வையுங்க" என்றாள்.

கால் மணி நேரம் கழித்து ஓர் எறும்பைத் தூரிகையால் எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார். பார்த்தார். ஒரு முறைதான் பார்த்தார். எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார்.

முதலில் மங்கலாக இருந்தது. அவர் திருகைத் திருப்பினார். தெளிந்தது. மார்பின் பின்கோடியில் நீளமாக இரண்டு முள். அதற்குப் பின்னால் இடுப்பு. அதில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பின்னால் சாய்ந்து, ஊசி மாதிரி ஒன்று.

அவள் வெகுநேரம் பார்த்தாள். எண்ணுவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"காஞ்சதும் மொதல்ல போறது நடுமுள்தாம்மா" என்றார் கோதண்டராமன். "சார் பார்த்தது எல்லாம் கீழே விழுந்து கிடந்தது. உயிரோட ஒண்ணைப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். மத்தபடி அவர் குறிப்புல ஒரு தப்பும் இல்லை. அளவு, நிறம், கூடு எல்லாம் சரி. மூணுன்னு மட்டும் போட்டிருந்தா நேரா பேர்ல போய் நின்னிருப்பார்."

பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பாலிராகிஸ் த்ரினாக்ஸ். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வைத்த பெயர். த்ரினாக்ஸ் என்றால் கிரேக்க மொழியில் முக்கவர் சூலம் என்றார்.

"சூலமா?" என்றார் வாசலிலிருந்து சீதளநாதன். "ஒன்றரை வருசமா ஒரு சிவன் கோயில் எறும்பு பின்னாடி சுத்தியிருக்கானே."

கோதண்டராமன் சிரித்தார். தர்மவதி சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்புகள் ஒவ்வொன்றாகக் காலை அசைத்தன. ஒன்று உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டது. ஒன்று எழுந்து இலைமேல் ஏறியது. பத்து எழுந்தன. பதினொன்றாவது எழவில்லை. அரைமணி பார்த்தார்கள். கோதண்டராமன் அதைத் தூரிகையால் இரண்டு முறை தொட்டுப் பார்த்தார்.

"வயசான எறும்பா இருந்திருக்கலாம். பஸ் சூட்டுலயும் ஆகியிருக்கலாம். நான் வெச்ச குளிர்லயும் ஆகியிருக்கலாம்."

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். செத்தது செத்துவிட்டது. ஒன்றும் ஒடியாமல் முழுசாக இருக்கிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து அவர்களிடம் இந்த எறும்பு இல்லை. கொடுத்தால் ஊசி குத்தித் தட்டில் வைத்து, கீழே சின்னச் சீட்டில் ஊர் செஞ்சி என்றும், சேகரித்தவர் ஜினசேனன் என்றும் எழுதலாம். அந்தச் சீட்டு எத்தனை வருஷமானாலும் இருக்கும். தானாகச் செத்ததைத்தானே சார் எடுப்பார் என்று முடித்தார்.

தர்மவதி அந்தச் சீட்டை நினைத்துப் பார்த்தாள். செஞ்சி என்றும் வரும், அவர் பெயரும் வரும்.

"இது தானா செத்ததுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. வையுங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றாள். "அவர் பேர்ல வேணாம்."

கோதண்டராமன் செத்த எறும்பைப் பஞ்சில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் சீசாவை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். மேல்மருவத்தூர்ப் பக்கம் வரும்போது சீதளநாதன் கேட்டார்.

"அவன் உசுரோட இருந்து, நீ இந்த யோசனையைச் சொல்லியிருந்தா, வந்திருப்பானா?"

"மாட்டார். ஒண்ணு போயிடும்னு சொல்லியிருப்பார்."

"போச்சே."

"ஆமா."

அவர் சீசாவைத் தன்னிடம் கொடுக்கும்படிச் சொல்லி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார். செஞ்சிவரை அவர்தான் வைத்திருந்தார்.

ராஜகிரிக் கோட்டைமலைக்குப் பின்னால் பொழுது இறங்கும் நேரத்தில் சிங்கவரம் ரோட்டில் இறங்கினார்கள். தனகோட்டி ஏணியோடு நின்றார். சிவப்பு நூல் கட்டிய கொம்பில், இலைக்காம்பைச் சேர்த்து வைத்து அதே நூலால் கட்டினாள். பத்தும் இலையிலிருந்து கொம்புக்கு ஏறின. மேலேயிருந்து இறங்கி வந்த மற்ற எறும்புகள் உணர்கொம்பால் தொட்டுப் பார்த்து, வழிவிட்டன. பஞ்சிலிருந்ததை மரத்தடியில், ஜினசேனன் வேட்டி விரிக்கும் இடத்தில் போட்டாள். சென்னையில் என்ன சொன்னார்கள் என்று தனகோட்டி கேட்டார். பழைய எறும்புதான், பெயர் இருக்கிறது என்றாள்.

"வாத்தியாருக்குத் தெரியாமப் போச்சே" என்றார் தனகோட்டி. அவருக்காக வருத்தப்பட்டாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு எப்படியும் சாப்பாடு இல்லை. மறுநாளும் செத்த அந்த ஒன்றுக்காக உபவாசம் இருந்தாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டு நோட்டை எடுத்தாள். இடுப்பில் முள் இரண்டு என்ற வரியை அடிக்கவில்லை. செத்ததை எண்ணினால் அது சரிதான். அதன் கீழே, 'உயிருள்ளதில் வேறு' என்று மட்டும் எழுதி, கோதண்டராமன் கொடுத்த காகிதத்தை ஒட்டினாள்.

1968இல் தனகோட்டி கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் போட்டார். மோட்டார் கொட்டகைக்காகப் புங்கமரத்தை வெட்டினார்கள். எறும்புகள் வரப்பு ஓரத்து நாவல்மரத்துக்குப் போய்விட்டன. அவற்றின் இடுப்பில் முள் மூன்று.